துண்டுக்கு அடியில் ஒரு விலை

துண்டு விழுந்தது.

தரகர் சுடலைக்கண்ணுவின் பச்சைத் துண்டு. அதற்கு அடியில் அவருடைய கையும் அப்பாவின் வலது கையும்.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் நிறுத்தினாள்.

அப்பாவின் அந்தக் கைக்கு எதுவும் தெரியாது.

தோளிலிருந்து அசையும். நீட்டினால் நீளும். ஐப்பசியில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு விரல்களில் மட்டும் உணர்வில்லை. ஒருநாள் கொதிக்கிற டீ கிளாஸை விரல்களால் சுற்றிப் பிடித்திருந்தார். தோல் வெந்தது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஓட்ட முடியாமல் விற்கிறான் என்று தெரிந்தால் பாதி விலைதான் கேட்பார்கள்.

நாலு சக்கர பீச் பைக். பழையது. கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றி மணலில் சுற்றிச் சுற்றி ஓடியது.

நியாயமான விலை எது என்று இருவரும் காலையிலேயே பேசி முடித்திருந்தார்கள். அடிச்சட்டத்தில் உப்புத் துரு, பின் டயர் இரண்டும் வழுக்கை. அதற்குக் கழித்தாயிற்று. பேட்டரி புதிது, இன்ஜினைப் பிரித்ததே இல்லை. அதற்குக் கூட்டியாயிற்று.

நாற்பதாயிரம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தப் பணத்தில்தான் கைக்கு வைத்தியம்.

வாயால் பேசுவார்கள் என்று நினைத்திருந்தார்கள். சுடலைக்கண்ணு மாட்டுச் சந்தைத் தரகர் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. அவர் எதற்கும் துண்டு போட்டுத்தான் விலை பேசுவார். பிடிக்கிற ஒவ்வொரு விரலும் பத்தாயிரம். பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் தவிர மூன்றாம் ஆளுக்குத் தெரியாது.

இடது கையை நீட்ட முடியாது. இடது கையில் யாரும் வியாபாரம் முடிப்பதில்லை.

வாங்க வந்தவர் குற்றாலத்தில் ரிசார்ட் வைத்திருப்பவர். அவருடைய கையைத் தரகர் ஏற்கெனவே பிடித்துவிட்டு வந்திருந்தார். ரிசார்ட்காரர் தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடுன்னா பல்லப் புடிச்சுப் பாத்து வயசச் சொல்லிருவேன் அண்ணாச்சி," என்றார் தரகர். "இது வாயவே தொறக்க மாட்டேங்கு."

அப்பா சிரித்தார். உரக்கவே சிரித்தார்.

துண்டு லேசாக அசைந்தது.

அப்பா தலையை ஆட்டி மறுத்தார். முதல் விலையை மறுக்க வேண்டும். அது யாருக்கும் தெரியும்.

தரகர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார்.

முதலில் பிடித்ததே நான்கு விரலாக இருந்திருந்தால்?

மறுபடி துண்டு அசைந்தது. இந்தத் தடவை பிடிப்பது போல இல்லை. கிள்ளுவது போல இருந்தது.

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, யோசித்தவர் போல, மறுபடி மறுத்தார்.

தரகரின் முகத்தில் இருந்த விளையாட்டு போனது.

அவள் வாயைத் திறக்கலாம். அப்பாவுக்கு விரலில் உணர்வில்லை, விலையை வாயால் சொல்லுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் அந்த நொடியே விலை பாதியாகிவிடும். துண்டுக்குள் அவளே கையை விடலாம். அப்படி எந்தப் பெண்ணும் விட்டதில்லை.

துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது முறை துண்டு இறுகியது. முடிவு விலையை மட்டும்தான் அப்படி இறுக்கிப் பிடிப்பார்கள். தரகரின் முன்கை நரம்பு புடைத்தது.

"சரியா, அண்ணாச்சி?"

அப்பா அவளைப் பார்த்தார். அவளுக்கு என்ன தெரியும்.

தலையசைத்தார்.

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரிசார்ட்காரர் வந்து அச்சாரமாக ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். மீதி நாளை, வண்டியை ஏற்றும்போது.

எவ்வளவு என்று கேட்க முடியாது. தானே ஒப்புக்கொண்ட விலையை யார் கேட்பார்கள்?

"நல்ல வெல தாயி," என்றார் தரகர், அவளைப் பார்க்காமல். "ஒங்கப்பா வெவரமான ஆளு. புடி குடுக்கவே மாட்டேன்னுட்டாரு."

ரிசார்ட்காரர் வண்டியில் ஏறி மணலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனார். தரகர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா படகு நிழலில் உட்கார்ந்தார். கண் வண்டியிலேயே இருந்தது. கியர் மாற்றும் சத்தம் கேட்டபோது அவருடைய இடது கால் மணலுக்குள் அழுந்தியது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆள்காட்டி விரலில் சிவந்த தடம். நடுவிரலில் சிவந்த தடம்.

மற்ற விரல்கள் வெளுப்பாக இருந்தன.

திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

வெளுப்புதான்.

மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்தாள். இறுக்கினாள். நகம் பதியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் இறுக்கினாள்.

அப்பா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் வண்டி திரும்பியதும் விட்டுவிட்டாள்.

அப்பா குனிந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"நாலு," என்றார்.

"ஆமாப்பா."

அவளுக்குக் கை வலித்தது.