மணிக்கட்டு வரை

மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் உறை கழற்றாத புதுக் கம்ப்யூட்டர் மீது பதினோரு மணி வெயில் விழுகிறது. பதவி உயர்வுப் படிவத்தில், 'வெளியான ஆய்வுக் கட்டுரைகள்' என்ற கட்டத்தின் மேல் டாக்டர் ஹமீதா பானுவின் பேனா நிற்கிறது. "காலியா விடக் கூடாது மேடம், சைபர்னு போடுங்க" என்கிறார் கிளார்க் இருதயசாமி. பக்கத்தில் இன்று வந்த மருத்துவ இதழ் விரிந்து கிடக்கிறது. எலிக்காய்ச்சல் பற்றிய கட்டுரை. துறைத்தலைவரும் அவருடைய இரண்டு சிஷ்யர்களும் எழுதியதாம். மூன்று பேர் காலிலும் திருத்துறைப்பூண்டிச் சேறு பட்டதில்லை. இந்த ஆய்வுக்காக இரண்டு நடவுப் பருவமும் வரப்பில் உட்கார்ந்து, நாற்று நட்ட முந்நூறு பெண்களிடம் ரத்தம் எடுத்தது ஹமீதா. "புள்ள குட்டிய பாக்கணும், உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? நானே அனுப்பிடுறேன்" என்று சொல்லி, ஹமீதா எழுதிய கட்டுரையை வாங்கிக்கொண்டவர் துறைத்தலைவர். ஹமீதாவின் பெயர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றிப் பட்டியலில், ஜீப் டிரைவருக்குக் கீழே இருக்கிறது. இருதயசாமி இதழை இழுத்துப் பார்க்கிறார். புகைப்படத்தில் சேறு காய்ந்த ஒரு கை. அதில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் இன்னொரு கையை மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறார்கள். அதன் விரலில் இருக்கும் பச்சைக்கல் மோதிரம் இங்கே பேனாவுக்குப் பக்கத்தில் மின்னுகிறது. "மேடம், இது உங்க கைதானே?" ஹமீதா படிவத்தை அவர் பக்கம் தள்ளுகிறார். "ஆமா. இத எந்தக் கட்டத்துல எழுதணும்? சொல்லுங்க."