இன்னும் ஒரு பக்கம்

சமையலறை ஜன்னலில் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. அதில் நின்றபடியே அவள் நாவல் படிக்கிறாள். பாத்திரம் கழுவுவதாகப் பேர்பண்ண, குழாயை மெல்லத் திறந்துவிட்டிருக்கிறாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவன் அடுத்த அறையிலிருந்து, "தண்ணி கொஞ்சம்" என்கிறான். "கை வேலையா இருக்கேன், இதோ வந்துட்டேன்." வாய் கூசாமல் வருகிறது பொய். ஒரு பக்கம்தானே என்றது மூன்றாகிறது. கதைக்குள் கடல் இரைகிறது. அங்கே யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. திடீரென்று ஏதோ உருண்டு விழும் சத்தம். ஓடுகிறாள். தம்ளர் தரையில் கிடக்கிறது, அவன் சட்டை நெஞ்சுவரை நனைந்திருக்கிறது. "இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம்லங்க?" என்று துண்டால் துடைக்கிறாள். "பக்கம் திருப்புற சத்தம் கேட்டுச்சு. கதையில நல்ல இடம் போலன்னு நானே தண்ணி எடுக்கப் பார்த்தேன்" என்கிறான் குழறலாக. அந்தக் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தால்கூடத் தேவலை என்றிருக்கிறது அவளுக்கு.