முந்நூற்றுப் பன்னிரண்டு வாத்துகள்

"முந்நூத்தி நாப்பது" என்று சோபனா பொய் சொன்னாள்.

அவளுடைய குறிப்புப் புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டாள். எழுத மட்டும் மனம் வரவில்லை.

இறக்கக்கண்டிக் களப்பின் ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கியிருந்தன. வடக்கே பனி பெய்யும் நாடுகளிலிருந்து ஒவ்வொரு கார்த்திகையிலும் மாரிக்கு வருபவை. கண்டல் மரங்களுக்கு இப்பால், சேற்றோரம் முழுக்க ஒரே கூட்டம். பாதி, முதுகுக்குள் அலகைச் செருகித் தூங்கின. மீதி, தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை வானத்துக்குக் காட்டின. அப்படி நிற்பவற்றுக்கு வாலைத்தான் எண்ண வேண்டும்.

பறவைகளை எண்ணுவதற்கு அவர்களுடைய பறவைச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, தனித்தனியே எழுதி, பிறகு ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலிலிருந்து திரும்ப எண்ண வேண்டும்.

மூன்று மாரியாக அவளும் இராகுலன் சேருமாகத்தான் இந்தக் களப்பை எண்ணுகிறார்கள். அவர் நிலாவெளியில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். அவள் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். இந்த மூன்று வருடத்தில் வித்தியாசம் ஒருநாளும் மூன்றைத் தாண்டியதில்லை. எண்ணி முடிந்ததும் "சரி மிஸ்" என்பார் அவர். "சரி சேர்" என்பாள் அவள். ஓட்டோவில் ஏறி வீட்டுக்குப் போவார்கள். வாத்துகள் இதைவிடக் கூடக் கதைக்கும்.

இன்று காலை வரும் வழியில்தான், தை மாதம் தனக்கு மன்னாருக்கு இடமாற்றம் என்று அவர் சொன்னார். அதையும் அவளிடம் சொல்லவில்லை. ஓட்டோக்காரர் அபூதாஹிர் நானாவிடம் சொன்னார்.

சோபனாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவருக்கு நாற்பத்தைந்து, மனைவி இறந்து எட்டு வருடம். வீட்டில் சோபனாவின் கலியாணக் கதையை எடுப்பதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை. என்னைக் கலியாணம் கட்டுறீங்களா என்று அவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அதனால்தான் இருபத்தெட்டு வாத்துகளைக் கூட்டிச் சொன்னாள்.

"எனக்கு இருநூத்தி எண்பது" என்றார் இராகுலன். "எங்கயோ பிழைச்சுப் போச்சு. திரும்ப எண்ணுவம்."

அவர் இவ்வளவு பிழை விட்டு அவள் பார்த்ததில்லை. அவர் பிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பைகளில் பிளேன்ரீ ஊற்றினார். அப்போதாவது கேட்டிருக்கலாம். அவள் ஊதி ஊதிக் குடித்து முடித்தாள்.

எண்ணும்போது வாய் திறக்கக் கூடாது என்பதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லி வாங்கிய நேரமெல்லாம் பத்து, இருபது, முப்பது என்று வாய்க்குள்ளேயே கரைந்தது. ஆனாலும் வாடைக்காற்றில் அவர் சட்டைக் கை படபடக்கும் தூரத்தில் நிற்பது நன்றாக இருந்தது. மன்னாரில் யார் இவரோடு நின்று எண்ணப் போகிறார்களோ என்று நினைத்தாள். அந்த ஆள்மீது இப்போதே பொறாமையாக இருந்தது.

இரண்டாம் தரம் அவள் முந்நூற்று முப்பது என்றாள். அவர் இருநூற்றுத் தொண்ணூறு என்றார்.

அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. "சேர், கண் டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ."

"ஓம். நீங்களும் ஒருக்காக் காட்டுறது நல்லது" என்றார் அவர், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாம் தரம் தொடங்க முதல் கேட்டுவிடுவது என்று அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு செம்பருந்து கண்டல் பக்கமிருந்து தாழப் பறந்து வந்தது. ஒரு வாத்து எழும்பியது. பிறகு எல்லாமே எழும்பின. களப்புக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, உப்பளப் பக்கம் போய் மறைந்தன.

தூறத் தொடங்கியது.

இராகுலன் தொலைநோக்கியின் கால்களை மடக்கத் தொடங்கினார். இனி எண்ணுவதற்கு எதுவுமில்லை. சோபனாவுக்குப் பொய் சொன்னதுதான் மிச்சம்.

"இதைக் கொஞ்சம் நனையாமல் பிடியுங்கோ" என்று அவர் தன் குறிப்புப் புத்தகத்தை நீட்டினார்.

அதை அவர் யார் கையிலும் கொடுத்து அவள் கண்டதில்லை. எவ்வளவு மழையென்றாலும் தன் சட்டைப் பைக்குள்தான் வைப்பார்.

அவள் குடைக்குள் வாங்கினாள். பென்சில் செருகியிருந்த பக்கம் தானாக விரிந்தது.

காலை 6.50 – 312.

காலை 7.35 – 312.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கடைசிக் காலோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக ஒரு நொடியில் மடக்கிய கால் அது.

சோபனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வீதியில் ஓட்டோவின் ஹோர்ன் கேட்டது. "முடிஞ்சிட்டா மிஸ்?" என்று அபூதாஹிர் கூப்பிட்டார். "மழ பெருசா வரப்போகுது."

அவள் களப்பைப் பார்த்தாள். இக்கரையிலிருந்து அக்கரை வரை வெறும் தண்ணீர். ஒரு கொக்குக்கூட இல்லை.

"இல்லை நானா" என்று குரல் கொடுத்தாள். "இன்னும் எண்ணி முடியேல்லை."

இராகுலன் மடக்கிய கால்களை ஒவ்வொன்றாகத் திரும்பவும் விரித்தார்.