தலைவரின் இரண்டாவது ஓட்டு

தலைவர் வீட்டு ஹாலில் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டம்.

"லிஃப்ட் ஓடல, தண்ணி மேல ஏறல. காலி பண்ணிட்டுப் போனவங்க மாதிரி எல்லாரும் கிராமத்துக்கே குடிபோயிடலாம்னு தீர்மானம் கொண்டு வர்றேன்" என்றார் செயலாளர் அம்மா.

"ஓடிப்போனவங்க பேச்சை இங்க எடுக்காதீங்க" என்று சீறிய தலைவர், வேண்டா வெறுப்பாக ஓட்டெடுப்பு நடத்தினார்.

கூட்டத்தில் பாதி ஆதரித்தது, பாதி எதிர்த்தது.

"ஓட்டு சமம். அப்படின்னா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. தீர்மானம் தோத்துப்போச்சு." மீசையை முறுக்கிக்கொண்டார்.

விருட்டென்று சமையலறைக்குள் போன செயலாளர், அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்டியோடு வந்தார்.

"இத்தனை மாடியிலயும் மிச்சம் நாம ரெண்டே பேர். உங்க ரெண்டு ஓட்டையும் வெச்சுக்கிட்டு, இனிமே நீங்களே பொங்கித் தின்னுங்க."

தலைவர் செருப்பைத் தேடினார்.

"சரி, கூட்டம் கலையலாம். என் சட்டையையும் எடுத்து வெச்சிட்டியாடி?"