ஏழாம் குழியில் ஒரே அடி

கண்காட்சிப் பலகையில் நாலு மொழியிலும் ஒரே பொய்யை எழுதி வைத்திருந்தார்கள்.

ஆங்கிலமும் சீனமும் மலாயும் எனக்கு வாசிக்கத் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தேன். 1988இல் வழக்கறிஞர் திரு. கோவிந்தசாமி ஏழாம் குழியில் ஒரே அடியில் பந்தை விழவைத்தாராம்.

பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை மாதிரி எங்கள் கிளப். வெள்ளைக்காரன் ஜாதிக்காய்த் தோட்டம் போட்ட எஸ்டேட். பிறகு கோல்ஃப் மைதானம். இப்போது அட்டையில் வெட்டி ஒட்டிய பதினாறு அடுக்குமாடி புளோக். மூன்றாம் குழியில் மருந்தகம், பன்னிரண்டில் உணவங்காடி. பழைய பங்களா சமூக மன்றமாம். ஓரத்தில் ஒன்பது குழியை மட்டும் விட்டுவைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் விளையாடலாமாம். நம்புகிறவன் நம்பட்டும்.

ஏழாம் குழியில் பிள்ளைகள் விளையாடும் இடம். தரையின் நடுவில் ஒரு பித்தளைத் தகடு. அதிலும் இந்த வரிதான் வரப்போகிறது.

முப்பது வருஷம் நான் ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிய இடம் அது. விடியற்காலையில் மூங்கில் கழியை இழுத்துப் புல்மேல் கிடக்கும் பனியைத் தட்டிவிட்டவனும் நான்தான். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் மேல் பச்சைப் பஞ்சை ஒட்டி மரம் என்கிறார்கள். பலகையில் எங்களுக்கு ஒரே ஒரு சொல்: பணியாளர்கள்.

பேரன் நிதீஷுக்கு அங்கேதான் குலுக்கலில் வீடு விழுந்திருக்கிறது. பிடோக் வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் அங்கேதான் போய் இருக்க வேண்டும். தினம் காலையில் அந்தத் தகட்டைத் தாண்டிப் போய்த்தான் காப்பி குடிக்க வேண்டும்.

என்னால் ஆகாது.

பலகையில் பிழை இருந்தால் சொல்ல இன்றுதான் கடைசி நாள். மேசையில் அனுப்ரியா என்று பெயர் அட்டை குத்திய பெண் உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாக ஒரு துணிப்பையை நீட்டினாள்.

"எடுத்துக்குங்க லா அங்கிள், ஃப்ரீதான்."

வாங்கவில்லை. சும்மா கொடுக்கிறவர்கள் பின்னாலேயே கையெழுத்துக் கேட்பார்கள்.

அந்த ஒரே அடி விஷயம் தப்பு என்றேன். அவள் பேனாவைத் திறந்தாள். என்ன தப்பு என்று கேட்டாள்.

என்ன தப்பு என்றால், பந்தை உள்ளே தள்ளியது என் கால்.

ஏழாம் குழி ஒரு மேட்டுக்குப் பின்னால். அடிக்கிறவருக்குக் கொடியின் நுனி மட்டும்தான் தெரியும். பந்தைப் பார்க்க ஒருவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அன்று விடிந்ததும் முதல் ஆட்டம், நின்றவன் நான். பந்து உருண்டு வந்து குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சுற்றிலும் ஆள் இல்லை.

தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அடியில் போட்டவர் கிளப்பில் எல்லாருக்கும் விருந்து வைக்க வேண்டும், வேலைக்காரர்கள் உட்பட. அங்கே அதுதான் சட்டம். பதினைந்து வருஷம் வக்கீலின் பையைத் தூக்கியிருக்கிறேன், ஒரு டீ வாங்கித் தந்ததில்லை. மழை வந்தால் குடை அவருக்கு. அந்த வாரம் தீபாவளி வேறு. முப்பத்திரண்டு பேர் மட்டன் பிரியாணி சாப்பிட்டோம். புல் வெட்டும் சேவியர் மூன்று தட்டு. வக்கீல் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் எனக்குக் கூடுதல் ருசி.

எந்தக் கால் என்று கேட்டால்கூடச் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

வாயைத் திறந்தேன். வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது.

வக்கீலேதான். எண்பத்தொன்பது வயது இருக்கும். டை கட்டியிருந்தார். பணிப்பெண் தள்ளிக்கொண்டு வந்து பலகை முன்னால் விட்டாள். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். அனுப்ரியா நீட்டிய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்காமலே அவளிடம் கதையை ஆரம்பித்தார். ஜெயித்த வழக்கெல்லாம் மறந்துபோச்சாம், இது ஒன்றுதான் ஞாபகமாம். அன்று ஓர் இலை அசையவில்லை. அவர் கதையில் புயலே அடித்தது.

இந்த அங்கிளும் அதைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறார் என்று அந்தப் பெண் என்னைக் காட்டினாள்.

அவர் திரும்பினார். தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து என் செருப்பில் நிறுத்தினார்.

"மாசிலாமணி, அன்னிக்கு நீ பனி தட்ட மறந்துட்டே."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

பனி தட்டாத புல்லில் பந்து போன வழி கோடு போட்ட மாதிரி கிடக்கும். அந்தக் கோடு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கும். பக்கத்தில் என் பாதமும் பதிந்திருக்கும். பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் முப்பத்திரண்டு பேருக்கும் பிரியாணி போட்டிருக்கிறார்.

முப்பத்தேழு வருஷமாக அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அனுப்ரியா பக்கம் திரும்பினார்.

"இவர் பேரையும் போடும்மா. அடிச்சதுதான் நான், மீதியெல்லாம் இவரு."

வக்கீல் வக்கீல்தான்.

அவள் எழுதினாள். பலகையிலும் வருமாம், தகட்டிலும் வருமாம், நாலு மொழியிலும். மாசிலாமணி என்று எழுதியதைத் திருப்பிக் காட்டினாள். எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை.

அப்புறம், என்னவோ தப்பு என்றீர்களே அங்கிள் என்று கேட்டாள்.

"காத்து," என்றேன். "அன்னிக்கு என்னா காத்து. அதை எழுதாம விட்டுட்டீங்க."

வெளியே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்த பிறகுதான் கவனித்தேன். என் தோளில் துணிப்பை இரண்டு தொங்கியது.

ஒன்று வக்கீலுடையது.