குடைக்குப் பின்னால் போகாதவர்

மனித குலத்தில் வழி தவறவே முடியாத ஒரே பிறவி நில அளவைத் துறைக்காரன்தான் என்று, பழைய சந்தையின் கல் வளைவுக்குக் கீழே நின்று சர்வேயர் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி ஒருவர்தான். கல்யாணமான புதிதிலேயே இதைக் கேட்டுவிட்டவர் என்பதால் அவர் கைதட்டவில்லை.

"வழிகாட்டி யாரையாவது வெச்சுக்கலாமாங்க? வாசல்லயே நிக்கறாங்க" என்று மட்டும் கேட்டார்.

சர்வேயர் பார்த்தார். மஞ்சள் குடை ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி ஒருவர் நிற்க, அவரைச் சுற்றிப் படித்த, பதவியில் இருக்கிற, பேரன் பேத்தி எடுத்த ஆட்களெல்லாம் கைகட்டி நின்றார்கள்.

"வாத்துக் கூட்டம். குடை குளத்துல இறங்கினா இதுங்களும் இறங்கும். ஊர் ஊரா எல்லைக்கல் நட்டவன் நான். எனக்கு ஒருத்தன் குடையைக் காட்டி வழி சொல்லணுமா?"

"அதுக்கில்லைங்க. அந்தக் கல் அடுப்பு ரொட்டி மதியத்தோட தீர்ந்துடுமாம். அதான் கேட்டேன்."

மனைவியின் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அருவி பார்க்கக் கிளம்பியவர்கள், சர்வேயரின் குறுக்குவழியில் போய் ஒரு சிமெண்ட் ஆலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்கு முந்தின வருஷம் கடற்கரை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆகவே இந்த முறை அவர் அருவியும் கேட்கவில்லை, கடலும் கேட்கவில்லை. அணையாத அடுப்பு என்று ஊரெல்லாம் சொல்கிற அந்த அடுப்பின் ரொட்டியை ஒரு தடவை சூட்டோடு சாப்பிட்டால் போதும். அதற்காகக் காலையில் வெறும் டீயோடு கிளம்பியிருந்தார்.

"அடுப்பு இருந்தா புகை இருக்கும். புகை இருந்தா காத்துல வரும். இரு, திசை பார்த்துக்கறேன்" என்ற சர்வேயர், புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சூரியனை வெகுநேரம் அளந்தார். அவர் அளந்து முடிப்பதற்குள் மனைவி எங்கோ நாலடி போய்விட்டு வந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமர்த்தாகப் பின்னால் நடந்தார்.

உள்ளே நுழைந்ததுமே சூரியன் காலை வாரிவிட்டது. சந்து முழுக்கத் தகரக் கூரை. மிளகு மூட்டை, துணிக்கடை, பாத்திரக்கடை என்று வளைந்து வளைந்து போய், ஒரு விளக்குக் கடையில் முட்டினார்கள்.

"வாங்க சார்" என்றார் கடைக்காரர்.

பக்கத்துச் சந்திலிருந்து குடைக்காரரின் குரல் கேட்டது. "ரெண்டு பேர் குறையுது. பரவாயில்ல, வழியில வந்து சேர்ந்துப்பாங்க."

"கேட்டியா இவளே? ரெண்டு வாத்து தொலைஞ்சு போச்சு" என்று சர்வேயர் சிரித்தார். மனைவியும் சிரித்தார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

வலப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் திரும்பி, செருப்புக்கடைகளைத் தாண்டினால் அதே விளக்குக் கடை.

"வாங்கண்ணே" என்றார் கடைக்காரர்.

மூன்றாவது தடவை அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுத் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். சர்வேயர் வாங்கி முதலில் மனைவிக்குக் கொடுக்கலாம் என்று திரும்பினார். பின்னால் யாருமில்லை.

"பாவம், வழி தப்பிட்டா" என்றார் விளக்குக் கடைக்காரரிடம்.

"யாரு?" என்றார் அவர்.

சர்வேயர் மனைவியின் செல்போனுக்கு அடித்தார். அவருடைய கால்சட்டைப் பையிலேயே மணி அடித்தது. பிக்பாக்கெட் பயம் என்று வாசலிலேயே அதை வாங்கிப் பத்திரப்படுத்தியவர் அவர்தான்.

அப்போதுதான் சர்வேயர் யோசித்துப் பார்த்தார். மனைவியின் கையில் போன் இல்லை, காலையிலிருந்து சாப்பிடவில்லை. இந்தக் கூட்டத்தில் எங்கேயாவது மயங்கி உட்கார்ந்திருந்தால்? யாரிடமாவது அடுப்புச் சந்துக்கு வழி கேட்கலாம். கேட்பதற்கு வாயைக்கூடத் திறந்தார். எதிரே நின்ற விளக்குக் கடைக்காரர் ஆவலோடு காத்திருப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

சந்தின் கோடியில் மஞ்சள் குடை ஒன்று மெல்லக் கடந்து போயிற்று.

சர்வேயர் அதற்குப் பின்னால் போகவில்லை. அதே திசையில் அவருக்கும் வேலை இருந்தது, அவ்வளவுதான். கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடை கடையாக வேடிக்கை பார்த்தபடி நடந்தார். குடை நின்ற இடத்தில் நின்று ஒரு சீப்புக்கு விலை கேட்டார். அவர் தலைக்குச் சீப்பு தேவைப்பட்டு ரொம்ப வருஷமாகியிருந்தது. குடை இடப்பக்கம் திரும்பியது, அவரும் திரும்பினார். மீன் கடைக்கு முன்னால் தேங்கிய தண்ணீரைக் குடை தாண்டிக் குதித்தது, அவரும் குதித்தார். கடைசியில் வெட்கத்தைவிடக் கவலை பெரிதாகிவிட, வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டு, முன்னால் போகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

சந்து ஒரு முற்றத்தில் போய்த் திறந்தது. சுவரோடு சுவராக, வாய் பிளந்த பெரிய கல் அடுப்பு. அடுப்புக்கு எதிரே பெஞ்சில், வழியில் கேட்டுக் கேட்டு முதல் ஆளாக வந்துவிட்ட சர்வேயரின் மனைவி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து ஊதிக்கொண்டிருந்தார்.

"எங்கடி தொலைஞ்சு போன நீ?" என்று ஆரம்பித்தார் சர்வேயர்.

குடைக்காரர் குடையை மடக்கி, அதன் நுனியால் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தார். நுனி சர்வேயரிடம் வந்து நின்றது.

"ஏம்மா, காலையில வாசல்ல ரெண்டு பேருக்குன்னு பணம் கட்டினீங்களே, அந்த இன்னொருத்தர் இவர்தானா?"

மனைவி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, பாதி ரொட்டியைச் சர்வேயரிடம் நீட்டினார்.

"ஆமா தம்பி. ரொட்டி தீர்றதுக்குள்ள உங்க பின்னாடியே வந்துடுவார்னு சொன்னேன்ல?"