தேய்ந்த ஜோடி

“முன்னாடி ரெண்டு ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் மொழுமொழுன்னு ஆயிடுச்சு, மாத்தியே ஆகணும். பின்னாடி ரெண்டும் நல்லாத்தானேக்கா இருக்கு? அதை எதுக்குக் கழட்டச் சொல்றீங்க?”

வண்டியின் பக்கத்தில் குந்தியபடி கேட்டார் மெக்கானிக். வாய் ஓயாது என்பதால் அவருக்கு சைலன்சர் என்று பெயர்.

“நாலையும் மாத்திடுங்க. பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு வேணும்” என்றாள் அவள்.

கணவர் போய் எழுபது நாள் ஆகியிருந்தது. சட்டை, செருப்பு, மூக்குக் கண்ணாடி எதுவும் அண்ணி கண்ணில் படக்கூடாது என்று கொழுந்தன்தான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்திருந்தான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அவர் உடம்பு பட்டுத் தேய்ந்தது என்று மிச்சம் இருப்பது இந்தப் பழைய மோட்டார் சைக்கிளில் அவர் பாதம் இருந்த அந்த ரப்பர் மட்டும்தான். இனி அதன் மேல் வேறு யார் காலும் படக்கூடாது. அதற்காகத்தான் வந்திருந்தாள்.

வண்டியை ஓட்டி வந்தது கொழுந்தன். பின்னால் உட்கார்ந்து வந்ததில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் கையை எங்கே வைப்பதென்றே பிடிபடவில்லை.

சைலன்சர் மண்ணெண்ணெய் ஊற்றி, துருவேறிய போல்ட்டைச் சுத்தியால் தட்டினார். வாய் அது பாட்டுக்கு ஓடியது.

“அண்ணன் மாதிரி வண்டியப் பாத்துக்கிட்ட ஆளை நான் பாத்ததில்ல. எப்ப வந்தாலும் தெருமுனையிலேருந்து தள்ளிக்கிட்டேதான் வருவார். ஏன்ணேன்னு கேட்டா, இஞ்சின் சூடா இருந்தா வால்வு சரியா வைக்க முடியாதேம்பார். யாருக்கு வரும் அந்தப் பக்குவம்?”

கொழுந்தன் பெருமையோடு தலையாட்டினான். தனக்கு நீச்சல் பழக்கியது, மரம் ஏறப் பழக்கியது எல்லாம் அண்ணன்தான் என்றான். அண்ணன் எதற்கும் பயந்து அவன் பார்த்ததே இல்லையாம்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம். கல்யாணமான புதிதில் அணைக்கட்டு வரை போய், திரும்பும்போது மழையில் மாட்டி, பாலத்தடியில் இரண்டு மணி நேரம் நின்றது. மகளுக்கு அம்மை போட்டபோது ஒரு வாரம் தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது. போகிற வழியெல்லாம் பேச்சுதான். பின்னால் இருப்பவர் ஒன்று சொல்ல, பாதியைக் காற்று கொண்டுபோக, மீதிப் பாதிக்கு முன்னால் இருப்பவர் பதில் சொல்ல, வீடு வந்து சேரும்போது இரண்டு பேரும் வேறு வேறு கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

பின்பக்க ஜோடியைக் கழற்றித் துடைத்த சைலன்சர் சிரித்துவிட்டார்.

“இதப் பாருங்கக்கா. வலது பக்கம் மட்டும் ரப்பர் குழிஞ்சிருக்கு. அண்ணன் ஓட்டுற வேகத்துக்குப் பயந்து, பின்னாடி உக்காந்துக்கிட்டு நீங்களும் ஒரு பிரேக் போட்டுக்கிட்டே வந்திருக்கீங்க.”

எழுபது நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

முன்பக்க ஜோடியும் கழன்றது. உள்ளே இரும்பு தெரியும் அளவுக்கு ரப்பர் தேய்ந்திருந்தது. கொழுந்தன் அதைக் கையில் வாங்கினான்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இதை நான் வச்சுக்கட்டுமா? எங்கண்ணன் காலுக்குக் கீழ இருந்தது. எங்கிட்ட அவர் ஞாபகமா ஒண்ணுமே இல்ல.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“எடுத்துக்கங்க தம்பி.”

அவன் அதைக் கண்ணில் ஒற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தான். சைலன்சர் நாலு புதுசையும் மாட்டி முடிப்பதற்குள் ஆபீசிலிருந்து அவனுக்கு இரண்டு முறை போன் வந்துவிட்டது. நீங்கள் ஆட்டோவில் போய்விடுங்கள், வண்டியை நான் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

சைலன்சருக்கு மனது கேட்கவில்லை. கேட்டு வந்தவள் இவள், கிடைத்தது அவனுக்கு. பின்பக்க ஜோடியை எடுத்து, கிரீஸ் போகத் துடைத்து நீட்டினார்.

“அண்ணனோடது போயிடுச்சு. நீங்க கால் வச்சது இது, இதையாவது வச்சுக்கங்கக்கா.”

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். வலது பக்கத்துக் குழியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு துண்டில் சுற்றி, கைப்பையின் அடியில் பத்திரமாக வைத்தாள்.

“தம்பி தெருமுனை தாண்டிட்டாரா பாருங்க” என்றாள்.

“தாண்டிட்டார்க்கா. ஆட்டோ கூப்பிடட்டுமா?”

“வேணாம், சாவி குடுங்க.”

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, புது ஃபுட்ரெஸ்டில் காலை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. சைலன்சர் முதன்முறையாகப் பேச்சில்லாமல் நின்றார்.

“அவர் ஓட்டுறதெல்லாம் வீட்டுலேருந்து எங்க தெருமுனை வரைக்கும்தான். அதுக்கு மேல பயம், எறங்கிப் பின்னாடி வந்துடுவார். இங்கயும் இந்த முனை வரைக்கும் நான் கொண்டாந்து விட்டுட்டு அங்கயே நின்னுக்குவேன்” என்றாள் அவள். “இது தம்பிக்குத் தெரிய வேணாம், வண்டிய நீங்க கொண்டுவந்து விட்டதாச் சொல்லிடுங்க. இருபத்திரண்டு வருஷமா பின்னாடி உக்காந்து பிரேக் போட்டுக்கிட்டே வந்தது நான் இல்ல.”